ஒரு முழங்கால், இரண்டு பெட்டிகள்

மயிலாப்பூர்
9 ஜூன் 2025, திங்கள்

ஹபீப் சார்,

சனிக்கிழமை பக்ரீத் அன்று உங்கள் வீட்டிலிருந்து வந்த பிரியாணி நன்றாக இருந்தது. நஸ்ருன்னிசா அக்காவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். அதற்கும் இந்தக் கடிதத்துக்கும் சம்பந்தம் இல்லை.

அன்று நீங்கள் விடுப்பு என்பதால் காலை ஏழிலிருந்து பன்னிரண்டு வரை உங்கள் நேரத்தையும் நானே பார்த்தேன். ஆறு வருடமாக மாலை நாலு மணிக்கு வந்து எட்டரைக்குப் போகிறவள் நான். காலை முழுக்க நம் பிசியோ கிளினிக் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. கூட்டம் இல்லாததால் நோயாளிகளின் அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். என் நோயாளிகள் சில நாள் மாலைக்குப் பதில் காலையில் உங்களிடம் வருவது உண்டு; அப்படிப் பதினோரு பேரின் அட்டைகளில் நான் எழுதியிருந்த பயிற்சி எண்ணிக்கை மாறியிருக்கிறது. பதினைந்து பத்தாகியிருக்கிறது. இருபது பன்னிரண்டாகியிருக்கிறது. பென்சிலில் நான் எழுதியதை ரப்பரால் அழித்து, அதே இடத்தில், என் எழுத்தைப் போலவே சாய்த்து எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் உங்கள் முதலெழுத்துகூட இல்லை.

என் எண்ணிக்கை தவறு என்று நினைத்தால் என்னிடம் சொல்லியிருக்கலாம். மே மாத மீட்டிங்கில், நம் முதலாளி ராகவேந்திரன் சார் முன்னாலேயே, என் முறையில் ஏதாவது ஆட்சேபம் உண்டா என்று உங்களிடம் நேராகக் கேட்டேன். "ஒண்ணுமே இல்ல மேடம், நீங்க செய்யறது எல்லாம் கரெக்ட்" என்றீர்கள். அது சனிக்கிழமை. இரண்டு அட்டைகளில், அடுத்த திங்கள்கிழமைத் தேதியிட்ட வரியில் எண் அழிக்கப்பட்டிருக்கிறது.

வாட்ஸாப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். கட்டைவிரலுக்கு நான் என்ன பதில் சொல்வது? அதனால்தான் காகிதம். முன்மேசை டில்லிபாபுவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். பதிலும் காகிதத்திலேயே வேண்டும்.

என் கோரிக்கை ஒன்றுதான். என்னிடம் வருகிறவர்களின் அட்டைகள் இனி ஒரு தனிப் பெட்டியில் இருக்கட்டும். உங்களுடையவை வேறு பெட்டியில்.

லூயிசா


மயிலாப்பூர்
12 ஜூன் 2025

மதிப்பிற்குரிய லூயிசா மேடம் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பதில் எழுத மூன்று நாளாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். பிரியாணி பற்றித் தாங்கள் எழுதியதை வீட்டில் சொன்னேன். சந்தோஷப்பட்டார்கள்.

அட்டைகள் விஷயமாகத் தங்களுக்கு வருத்தம் ஏற்பட்டிருந்தால் அதற்கு நானே காரணம். சிலர் வலிக்கிறது என்று சொன்னதால் அன்றைய நிலைக்கு ஏற்பச் சிறு மாற்றங்கள் செய்யப்பட்டிருக்கலாம். தங்களைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கு எள்ளளவும் இல்லை. இந்தச் சின்ன விஷயத்தைச் சொல்லித் தங்களைச் சங்கடப்படுத்துவானேன் என்றுதான் இருந்துவிட்டேன். பத்தொன்பது வருடத்தில் இங்கே நான் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை என்பது ராகவேந்திரன் சாருக்கும் தெரியும்.

தனிப் பெட்டி நல்ல யோசனை. நேற்றே தி.நகர் போய் இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்கி வந்து வைத்துவிட்டேன். நீலம் காலைக்கு, சிவப்பு மாலைக்கு. நிறத்தை மாற்ற வேண்டுமென்றால் சொல்லுங்கள், மாற்றிவிடலாம்.

இப்படிக்கு,
ஹபீபுர் ரஹ்மான்


மயிலாப்பூர்
16 ஜூன் 2025, திங்கள்

ஹபீப் சார்,

நிறத்தில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மாற்றங்கள் "செய்யப்பட்டிருக்கலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கிளினிக்கில் பிசியோ நாம் இரண்டு பேர்தான். நான் செய்யவில்லை.

டில்லிபாபுவிடம் ஒன்று சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் தெரியட்டும். இரண்டு வேளையும் முன்மேசையில் இருப்பவர் அவர் ஒருவர்தான். காலையில் நீங்கள் பேசியதை மாலையில் என்னிடம் கொண்டுவந்து கொட்டுகிறார். நான் பேசியதை உங்களிடம் கொட்டுவார் என்பதிலும் சந்தேகம் இல்லை. காலையில் நடந்தது எதையும் என்னிடம் சொல்ல வேண்டாம், யார் வந்தார்கள் யார் போனார்கள் என்பதைக்கூட, என்று கண்டித்துச் சொன்னேன். "இன்னா மேடம், என்னை ரேடியோன்னு நென்ச்சிக்கினீங்களா" என்று முறைத்தார். பிறகு, "சரி, ஆஃப் பண்ணிட்டேன், போங்க" என்றார்.

இன்னொன்று. அடையாறு கிளை செப்டம்பரில் திறக்கிறது. நம்மில் ஒருவரை அதற்குப் பொறுப்பாகப் போடுவதாக ராகவேந்திரன் சார் சொல்லியிருக்கிறார். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை, ஒரே நேரம். எனக்கு அந்த இடம் வேண்டும். என் மகள் சோஃபியா இரண்டாவது படிக்கும்போது இந்த மாலை வேலைக்கு வந்தேன். இப்போது எட்டாவது. நான் வீட்டுக்குப் போகும்போது அவளும் என் கணவர் கிளிஃபர்டும் சாப்பிட்டு, தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். ஞாயிறு தவிர அவளோடு உட்கார்ந்து இரவுச் சாப்பாடு சாப்பிட்டு ஆறு வருடமாகிறது.

இதைச் சாரிடமும் சொல்லிவிட்டேன். உங்களுக்கும் அந்த இடம் வேண்டுமா? வேண்டுமென்றால் சொல்லுங்கள். போட்டி என்றால் போட்டி. அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

லூயிசா


மயிலாப்பூர்
19 ஜூன் 2025

மதிப்பிற்குரிய லூயிசா மேடம் அவர்களுக்கு,

அடையாறு பற்றித் தாங்கள் மனம் திறந்து எழுதியதற்கு நன்றி. எனக்கு அதில் பெரிய ஆசை என்று எதுவும் இல்லை. காலையில் இங்கே, மதியம் வீடுகளுக்குப் போய்ப் பார்ப்பது என்று பழகிவிட்டது. சார் யாரை அனுப்பினாலும் எனக்குச் சந்தோஷமே. தாங்கள் போனால் அது அந்தக் கிளைக்கு நல்லது.

குழந்தை சோஃபியாவுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
ஹபீபுர் ரஹ்மான்


மயிலாப்பூர்
11 ஜூலை 2025, வெள்ளி

ஹபீப் சார்,

நேற்றுக் காலை அடையாறு கட்டிடத்தைப் பார்க்கப் போயிருந்தேன். வாட்ச்மேன் எதற்கு வந்தேன் என்று விசாரித்தார். சொன்னேன். "ஏற்கெனவே ஒரு சாரு மூணு தபா வந்துட்டாரும்மா. டேப்பு வெச்சு அளந்தாரு. ஜன்னலாண்ட கட்டில் போட்டா வெயில் அடிக்குமான்னு என்னைக் கேட்டாரு" என்றார். ஆள் எப்படி இருந்தார் என்று கேட்டேன். ஒல்லி, கண்ணாடி, நரைத்த தாடி, சாம்பல் நிற ஸ்கூட்டர்.

பெரிய ஆசை இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இருக்கிற ஆசை எத்தனை அடி நீளம் என்று டேப்பில் பார்த்துச் சொல்லுங்கள்.

லூயிசா


(அதே தாளின் பின்பக்கம்)

மேடம்,

அளந்தது உண்மை. இரண்டு முறைதான் அளந்தேன். மூன்றாவது முறை சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

ஹபீப்


மயிலாப்பூர்
29 ஜூலை 2025, செவ்வாய், மதியம்

லூயிசா மேடம் அவர்களுக்கு,

இன்று காலை சார் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். மாலை தாங்கள் வந்ததும் தங்களையும் கூப்பிடுவார். அதற்கு முன் தங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று அவசரமாக எழுதி டில்லிபாபுவிடம் கொடுக்கிறேன்.

அடையாறுக்கு ஆள் தேர்ந்தெடுப்பதற்காக, அவரவரிடம் நன்றாக முன்னேறிய ஒரு நோயாளியின் முழு விவரத்தைச் சார் கேட்டிருந்தார் அல்லவா. நேற்று இருவரும் கொடுத்தோம். இருவரும் கொடுத்தது ஒரே பெயர். ஜானகி, வயது அறுபத்துமூன்று, வலது முழங்கால் மாற்று அறுவை, மே 22.

சார் இரண்டு கோப்புகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஹபீப், இந்தம்மாவுக்கு எத்தனை வலது முழங்கால்?" என்று கேட்டார்.

ஜூன் 18 முதல் ஐந்து வாரத்துக்கு மேலாக, திங்கள், புதன், வெள்ளியில் அவர் காலையில் என்னிடம் வந்திருக்கிறார். அதே நாட்களில் மாலையில் தங்களிடம் வந்திருக்கிறார். நீலப் பெட்டியில் ஓர் அட்டை, சிவப்புப் பெட்டியில் ஓர் அட்டை. தி.நகரில் மகள் வீட்டில் இருக்கிறார். காலையில் மகள் வேலைக்குப் போகும் வழியில் இறக்கிவிடுவார். மாலையில் கபாலி கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் தனியாக வந்திருக்கிறார்.

சனிக்கிழமை முழங்கால் வீங்கி, சூடாகி, அறுவை செய்த மருத்துவரிடம் போயிருக்கிறார்கள். தொற்று எதுவும் இல்லை. அளவுக்கு மீறிய பயிற்சி என்று எழுதிக் கொடுத்து, இரண்டு வாரம் ஓய்வு சொல்லியிருக்கிறார். நூற்றைந்து டிகிரி மடங்கிய கால் இப்போது எழுபத்தைந்துதான் மடங்குகிறது. அந்தச் சீட்டை மகள் இன்று நேரில் கொண்டுவந்து சாரிடம் கொடுத்தார்.

டில்லிபாபுவை அழைத்து, ஒரே ஆள் இரண்டு வேளையும் வந்தது உனக்குத் தெரியாதா என்று சார் சத்தம் போட்டார். "டாக்டருங்க ரெண்டு பேரும் பேசி வெச்சித்தான் வரச் சொல்லிக்கிறீங்கன்னு நென்ச்சேன் சார். சொல்லலாம்னு பார்த்தா, மேடம் ஒண்ணும் சொல்லாதன்ட்டாங்க" என்றார். அவர்மேல் தவறு சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

யார் பொறுப்பு என்று ஆளுக்கொரு விளக்கம், ஏழாம் தேதிக்குள், எழுத்தில் கொடுக்க வேண்டும். அதைப் படித்துவிட்டுத்தான் அடையாறு யாருக்கு என்று முடிவு செய்வாராம்.

ஹபீபுர் ரஹ்மான்


மயிலாப்பூர்
31 ஜூலை 2025, வியாழன்

ஹபீப் சார்,

முன்கூட்டியே சொன்னதற்கு நன்றி. நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் அன்று மாலை சார் முன்னால் நான் விழித்துக்கொண்டு நின்றிருப்பேன். அது உங்களுக்குச் சாதகமாகவும் இருந்திருக்கும்.

இன்று காலை தி.நகர் போய் ஜானகி அம்மாவைப் பார்த்தேன். மகள் கதவைத் திறந்தார், உட்காரச் சொல்லவில்லை. அம்மா காலைத் தலையணைமேல் நீட்டிப் படுத்திருந்தார். வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது, சூடு இல்லை. என்னைப் பார்த்ததும் அவர்தான் மன்னிப்புக் கேட்டார்.

விஷயம் இதுதான். மந்தைவெளியில் அவருக்குச் சொந்த வீடு, இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. ஆகஸ்ட் 15க்குள் மாடி ஏற முடியாவிட்டால் அந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிடுவதாக மகள் சொல்லியிருக்கிறார். "இவாத்துல எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா காபி எப்பக் கலக்கணும்னு நான் முடிவு பண்ண முடியாது" என்றார். சீக்கிரம் ஏற வேண்டும் என்று இரண்டு வேளையும் வந்திருக்கிறார்.

எங்களில் ஒருவரிடமாவது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா ஒரு வேளை போறும்னு நிறுத்திடுவேள். அந்த ரெண்டு பெட்டியைப் பார்த்தப்பவே, நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறதில்லேன்னு தெரிஞ்சுடுத்து. அந்த தைரியத்துலதான் வந்தேன்."

நம் சண்டை நமக்குள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் காத்திருக்கிறவர்கள் அதைப் பார்த்து நேரம் குறித்திருக்கிறார்கள்.

கிளினிக்குக்கு வந்து இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஜூலை 18 அன்று லேசான வீக்கம் என்று என் அட்டையில் இருக்கிறது. 21 அன்று உங்கள் அட்டையில் இருக்கிறது. இரண்டும் ஒரே தாளில் இருந்திருந்தால் யாராவது ஒருவர் நிறுத்தியிருப்போம்.

லூயிசா


மயிலாப்பூர்
2 ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய லூயிசா மேடம் அவர்களுக்கு,

சாருக்குக் கொடுக்கவிருக்கும் என் விளக்கத்தின் நகலை இணைத்திருக்கிறேன். ஒரு பக்கம்தான். பெட்டிகளை வாங்கி வைத்தது நான். அட்டைகளைத் திருத்தியது நான். அனுபவத்தில் மூத்தவன் என்ற முறையில் கவனித்திருக்க வேண்டியதும் நானே. முழுப் பொறுப்பும் என்னுடையது என்று எழுதியிருக்கிறேன்.

இத்துடன் இந்தப் பேச்சு முடியட்டும். தாங்கள் அடையாறு போங்கள். சோஃபியாவோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். எனக்கு மயிலாப்பூர் போதும்.

இப்படிக்கு,
ஹபீபுர் ரஹ்மான்


மயிலாப்பூர்
4 ஆகஸ்ட் 2025, திங்கள்

ஹபீப் சார்,

உங்கள் விளக்கத்தைத் திருப்பி அனுப்புகிறேன். இதைக் கொடுக்காதீர்கள்.

என் எண்களை அழித்ததுபோல இப்போது இந்த விவகாரத்திலிருந்து என்னையே அழிக்கிறீர்கள். அந்தக் கால் வீங்கியதில் என் பங்கு இருக்கிறது. அது எனக்கு வேண்டும். தவறு எல்லாவற்றையும் நீங்களே எடுத்துக்கொண்டால், நல்லவர் என்ற பெயரும் உங்களுக்கே சேரும். நான் ஒரு பெருந்தன்மையான மனிதரைத் தள்ளிவிட்டு அடையாறு போனவள் ஆவேன். இதுவும் ஜெயிக்கிற வழிதான் சார். சத்தம் வராத வழி.

நீங்கள் விட்டுக்கொடுத்து எனக்கு அந்த இடம் வருமானால், அதற்குப் பிறகு உங்களோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன். என் மகளோடு நான் சாப்பிடுவது நீங்கள் போட்ட பிச்சையாக இருக்கக் கூடாது.

என் விளக்கத்தின் நகல் இத்துடன் இருக்கிறது. மூன்று பக்கம். பதினோரு அட்டைகள் அதில் உண்டு, தேதியோடு. தனிப் பெட்டி கேட்டது நான், டில்லிபாபுவின் வாயை அடைத்தது நான் என்பதும் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் எதையும் கொடுக்க மாட்டேன்.

என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று ஒரு முறையாவது எழுதுங்கள். "மதிப்பிற்குரிய" வேண்டாம்.

லூயிசா


மயிலாப்பூர்
5 ஆகஸ்ட் 2025

லூயிசா மேடம்,

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். நேற்று மதியம் வீட்டு நோயாளிகள் இருவரை வேறு நாளுக்கு மாற்றிவிட்டேன். இதுவரை அப்படிச் செய்ததில்லை.

நீங்கள் அவசரப்படுத்துகிறீர்கள். நோயாளி பல்லைக் கடித்தால் முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். ஜானகி அம்மா அட்டையை நானும் பார்த்தேன். 18ஆம் தேதி "லேசான வீக்கம்" என்று எழுதிய அதே வரியில், படி ஏறி இறங்குவதை முப்பதிலிருந்து நாற்பது ஆக்கியிருக்கிறீர்கள். வீக்கத்தைப் பார்த்த பிறகு கூட்டியிருக்கிறீர்கள். கோப்பு கொடுக்கப் பத்து நாள்தான் பாக்கி என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. உங்கள் மூன்று பக்க விளக்கத்தில் இந்த வரி இல்லை. தெரிந்து விட்டீர்களா, மறந்தீர்களா என்று எனக்குத் தெரியாது.

நானும் அதே பத்து நாளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். 21ஆம் தேதி வீக்கத்தைப் பார்த்ததும் படி ஏறுவதைக் குறைத்தேன். ஆனால் மடக்குவதை நிறுத்தவில்லை. நூறு டிகிரியில் நின்றிருந்தது. நூற்றைந்து என்று எழுத ஆசைப்பட்டேன். 25ஆம் தேதி காலை நூற்றைந்து வந்தது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அளவை எழுதிக்கொண்டேன். பல்லைக் கடிக்க வைப்பவர் என்று உங்களைச் சொல்கிறவன், அன்று அதைத்தான் செய்தேன்.

இனி எழுதுவதுதான் கடினம். மார்ச் மாதம் ஒரு நாள் நீங்கள் ஏதோ வேலையாக முற்பகலிலேயே வந்திருந்தீர்கள். நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில், நான் ஒருவருக்குத் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது, "சார், இது மசாஜ் பார்லர் இல்ல" என்றீர்கள். ஏழு பேர் இருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போயிருப்பேன். மறுநாள் காலையில்தான் முதல் அட்டையை அழித்தேன். நோயாளிக்கு வலி என்று நான் எழுதியது பாதி உண்மை. மீதிப் பாதி இது.

நான் சண்டை போடாதவன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். மூன்று மாதம் தினமும் உங்களோடு சண்டை போட்டிருக்கிறேன். ரப்பரால் போட்டேன். உங்களுக்குத் தெரியாது என்பதுதான் வித்தியாசம்.

அடையாறு எனக்கு வேண்டும். எனக்கு நாற்பத்தேழு வயது. பத்தொன்பது வருடமாக இன்னொருவர் பெயர் எழுதிய பலகையின் கீழே நுழைகிறேன். இதை நஸ்ருன்னிசாவிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. நேற்றுச் சொன்னேன். "இது எனக்குத் தெரியாதாக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

புதிய விளக்கத்தில் உங்கள் நாற்பதும் இருக்கிறது, என் நூற்றைந்தும் இருக்கிறது. நகல் இத்துடன். நாளை மறுநாள் கொடுத்துவிடுவேன்.

ஹபீப்


மயிலாப்பூர்
6 ஆகஸ்ட் 2025, புதன்

ஹபீப் சார்,

மசாஜ் பார்லர் என்று சொன்னது எனக்கு நினைவில்லை. டில்லிபாபுவைக் கேட்டேன். "சொன்னீங்க மேடம். நா இங்கதான் குந்திக்கினு இருந்தேன். சாரு அன்னிக்கு டீயே குடிக்கல" என்றார். பிறகு, "இதச் சொல்லலாமா, கூடாதா?" என்று என்னையே கேட்டார். இனி எல்லாம் சொல்லலாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏழு பேர் முன்னால் சொன்னதைக் காகிதத்தில் மன்னிப்புக் கேட்டு முடித்துக்கொள்ள முடியாது. நாளைக் காலை பத்து மணிக்கு, கூடத்தில் ஆட்கள் இருக்கும்போது வருகிறேன். நீங்கள் உள்ளே போய்விடக் கூடாது.

நாற்பது விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. மறக்கவில்லை, தெரிந்துதான் விட்டேன். இப்போது என் விளக்கத்தில் நான்காவது பக்கமாகச் சேர்த்திருக்கிறேன். ஆனால் என் முறையே தவறு என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் கையில் மூன்று மாதத்தில் சரியாக வேண்டிய தோள்பட்டைகள் ஆறு மாதம் இழுக்கின்றன. நோயாளிகளுக்கு உங்களைப் பிடித்திருக்கிறது, அதனால் கேட்பதில்லை. இதைப் பற்றி நாம் இன்னும் சண்டை போட வேண்டியிருக்கிறது.

ஜானகி அம்மாவின் ஓய்வு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அவர் இங்கே வர வேண்டாம், நாம் போவோம். திங்களும் வெள்ளியும் மதியம் நீங்கள், புதன் காலை நான். ஒரே அட்டை, அவர் வீட்டிலேயே இருக்கட்டும், பேனாவில் எழுதுவோம். மகளிடம் இன்று காலை பேசினேன். ஆகஸ்ட் 15 என்பதை மாதக் கடைசி வரை தள்ளிப்போடச் சொன்னேன். யோசிக்கிறேன் என்றார்.

லூயிசா


மயிலாப்பூர்
23 ஆகஸ்ட் 2025, சனி

லூயிசா மேடம்,

இன்று காலை சார் கூப்பிட்டுச் சொன்னார். அடையாறு எனக்கு.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். காரணம் என்ன என்று கேட்டேன். "ஹபீப், நீ எதுக்கும் குரல் எழுப்ப மாட்டே. புது இடத்துல எனக்கு அமைதி வேணும். லூயிசா கெட்டிக்காரி, இல்லேங்கல. ஆனா சண்டைக்காரி" என்றார். எங்கள் விளக்கங்களைப் படித்தீர்களா என்று கேட்டேன். முதல் பக்கம் இரண்டையும் படித்தாராம். இருவர்மேலும் தவறு என்று தெரிந்ததும் மேலே படிக்கவில்லையாம்.

வழக்கமாக இந்த இடத்தில் சரி சார் என்று எழுந்து வந்துவிடுவேன். 7ஆம் தேதி கூடத்தில் எல்லோர் முன்னாலும் நீங்கள் மன்னிப்புக் கேட்டபோது உள்ளே போகாமல் நின்றேன் அல்லவா, அதுபோல இன்று உட்கார்ந்திருந்தேன். அவர் போனை எடுத்தார், வைத்தார், என்னப்பா என்று கேட்டார்.

"சார், நான் அமைதியா இருந்ததாலதான் அந்தம்மா கால் வீங்கிச்சு. லூயிசா மேடம் கேக்க வேண்டியதை நேரா கேட்டாங்க. நான்தான் பதில் சொல்லல. சண்டைக்காரிங்கறதுதான் காரணம்னா, இந்த முடிவு தப்பு சார்."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. டில்லிபாபு கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடினார். சார் முகம் மாறிவிட்டது. பத்தொன்பது வருடத்தில் அந்த முகத்தை என்னிடம் அவர் காட்டியதில்லை.

"அப்போ அடையாறு உனக்கு வேணாமா?" என்று கேட்டார்.

மேடம், வேண்டாம் என்று சொல்வது எனக்கு மிகவும் சுலபம். நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் உங்களுக்கு அந்த இடம் வந்திருக்கும், எனக்கு நல்ல பெயர் வந்திருக்கும். நீங்கள் 4ஆம் தேதி எழுதியது நினைவுக்கு வந்தது.

"வேணும் சார். காரணம்தான் தப்பு. இடம் எனக்கு வேணும்" என்றேன்.

போனைத் திரும்ப எடுத்துக்கொண்டே, ஒன்றாம் தேதி போய்ச் சேர் என்றார்.

உங்களுக்கு இதில் நியாயம் செய்தேனா என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கவும் இல்லை. கேட்டால் அதுவும் பொய்யாக இருக்கும்.

ஒரு செய்தி. என்னுடைய காலை நேரத்துக்கு ரெஹான் என்று ஒரு புதியவரைப் போடப்போகிறார். இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை. உங்களுக்குக் காலை நேரம் வேண்டுமென்றால் இன்று மாலையே கேளுங்கள். திங்கள்கிழமை என்றால் தாமதமாகிவிடும்.

ஹபீப்


மயிலாப்பூர்
9 செப்டம்பர் 2025, செவ்வாய்

ஹபீப் சார்,

பதினேழு நாள் பதில் எழுதவில்லை. கோபம்தான். உங்கள்மேல் பாதி, ராகவேந்திரன் சார்மேல் மீதி. அடையாறு எனக்கு வந்திருக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். வேண்டும் என்று நீங்கள் சொன்னது சரி என்றும் நினைக்கிறேன். இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன, ஒன்று மற்றொன்றைக் குறைக்கவில்லை.

நேற்று பெசன்ட் நகர் மாதா கோயில் திருவிழா. திரும்பும்போது பஸ் உங்கள் கட்டிடத்தைத் தாண்டியது. பலகையில் உங்கள் பெயர், தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. சிக்னலில் பஸ் நின்றது. வயிறு எரிந்தது. இறங்கவில்லை. அடுத்த வாரம் இறங்குவேன், தோள்பட்டைக் கணக்கு பாக்கி இருக்கிறது.

மகள் கெடுவை இன்னும் நாலு நாள் நீட்டினார்; ஜானகி அம்மா 4ஆம் தேதி மந்தைவெளி வீட்டுக்கு ஏறிவிட்டார். முப்பத்திரண்டு படி, இரண்டு இடத்தில் நின்றார். பின்னாலேயே மகள் ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அது தேவைப்படவில்லை. மேலே போனதும் அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே அடுப்படிக்குப் போய், பால் வாங்க மறந்துவிட்டோம் என்று மகளைத் திட்டினார். மகள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

நீங்கள் சொன்ன அன்று மாலையே சாரைப் பார்த்தேன். காலை நேரம் எனக்கு வேண்டும் என்றேன். ரெஹானிடம் பேசியாகிவிட்டது என்றார். அது என் பிரச்சினை இல்லை என்றேன். இருபது நிமிடம் ஆனது. கடைசியில், "இதுக்குத்தான் உன்னை அடையாறுக்கு அனுப்பல" என்றார். "அனுப்பலைல்ல சார், அப்போ இதைக் குடுங்க" என்றேன். கொடுத்தார். இப்போது ரெஹான் மாலை, நான் காலை. தினமும் நாலு மணிக்கு அவர் வந்ததும் கால் மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்து அட்டைகளைப் பார்க்கிறோம். அதற்காக நான் மாலையில் ஒரு முறை திரும்ப வருகிறேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். தலையாட்டினால் நான் எழுந்திருப்பதில்லை.

ஒன்றாம் தேதி ஏழரை மணிக்கு வீட்டில் மூன்று தட்டு வைத்தேன். கிளிஃபர்ட் ஊரில் இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. சோஃபியா வந்து உட்கார்ந்தாள். ஒரு கையில் போன், காதில் ஒரு பக்கம் இயர்போன் மாட்டியிருந்தாள். நான் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஏதோ கேட்டேன். ம் என்றாள். இன்னொன்று கேட்டேன். அதற்கும் ம். அவள் இத்தனை நாள் இப்படித்தான் சாப்பிட்டிருக்கிறாள் என்று புரிந்தது. இதற்காகவா ஆறு வருடம் ஏங்கினேன் என்று ஒரு நிமிடம் தோன்றியது. பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கலாம், முதல் நாள், எதற்கு என்றும் தோன்றியது. அப்போது உங்களை நினைத்துக்கொண்டேன்.

போனைக் கீழே வை என்றேன்.

"வந்த முதல் நாளே சண்டையாம்மா?"

ஆமாம் என்றேன்.

காதில் இருந்ததைக் கழற்றினாள். பிறகு போனை அந்தக் காலித் தட்டில் கவிழ்த்து வைத்துவிட்டு, மீன் குழம்பில் புளி அதிகம் என்றாள். இல்லை என்றேன். சாப்பிட்டு முடிக்கும்வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

லூயிசா